விடுதிக் கேமராக்களின் பதிவு யார் கையில் இருக்கிறது?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் தங்கும் விடுதிகளில் பொருத்தப்படும் கண்காணிப்பு கேமராக்கள் குறித்தும், அங்கே தங்க வருகிறவர்களின் அந்தரங்கம் குறித்தும் தங்கள் நாளிதழ் வழியாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன். நான் கிருஷ்ணகிரியில் விடுதி நிர்வாகத்தில் நீண்ட காலமாக இருப்பவன். கேமரா கூடாது என்பது என் வாதமன்று. அது இல்லாமல் இன்று ஒரு விடுதியைப் பொறுப்போடு நடத்த முடியாது. ஆனால் கேமராவை மாட்டிய அன்றே கடமை முடிந்ததாக விடுதிக்காரர்களாகிய நாங்கள் எண்ணிவிடுகிறோம். பதிவான காட்சி எங்கே இருக்கிறது, எத்தனை நாள் இருக்கிறது, அதை யார் யார் திறந்து பார்க்கிறார்கள் என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. இதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை ஆகிய நான்கு திசைச் சாலைகளும் கூடுகிற ஊர் கிருஷ்ணகிரி. இரவில் வண்டி ஓட்ட முடியாமல் குழந்தைகளோடு வந்து அறை கேட்கிற குடும்பங்கள், மாம்பழக் காலத்தில் மண்டிகளுக்கு வந்து வாரக்கணக்கில் தங்குகிற வெளிமாநில வியாபாரிகள், ஓசூர் ஆலைகளில் நேர்காணலுக்காக முதன்முறையாகத் தனியே வெளியூர் வருகிற இளம்பெண்கள், ஆடிப்பெருக்கு நாள்களில் ஒகேனக்கல் செல்கிற கூட்டம் என, எங்களிடம் வருகிற எவருக்கும் எங்களை முன்பின் தெரியாது. அடையாள அட்டையின் நகலைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொள்கிறார்கள். உள்ளே போய்க் கதவைத் தாழிட்ட பிறகு அந்த ஓர் இரவுக்கு அந்த அறைதான் அவர்களுக்கு வீடு. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

கேமராவின் தேவையை முதலில் சொல்லிவிடுகிறேன். அறையில் வைத்த நகை காணவில்லை என்று ஒருவர் சொன்னால், முதலில் சந்தேகத்துக்கு ஆளாகிறவர் அறையைக் கூட்டித் துடைக்கிற பெண்ணோ, காபி வாங்கிக் கொடுத்த ரூம் பாயோதான். அந்த நேரத்தில் அந்த வழியே அவர்கள் போகவில்லை என்று காட்டுவதற்கு நடைவழிக் கேமராவைத் தவிர அந்த ஏழைகளுக்கு வேறு சாட்சி கிடையாது. பதிவு இருப்பது எவ்வளவு முக்கியமோ, அதைப் பத்திரமாக வைத்திருந்து உரிய இடத்தில் ஒப்படைப்பதும் அவ்வளவு முக்கியம் என்பதற்கு உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கே எடுத்துக்காட்டு. 2010 பிப்ரவரியில் வாரணாசியில் ஒரு விடுதி அறையில் தங்கியிருந்த மூன்று இத்தாலியச் சுற்றுலாப் பயணிகளில் ஒருவர் இறந்துபோனார். உடன் தங்கிய இருவர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த விடுதியில் மாடிகளிலும் வரவேற்பறையிலும் கேமராக்கள் இருந்தன. அந்த இரவின் பதிவைத் தாம் பார்த்ததாக விசாரணை அதிகாரியே சாட்சியம் அளித்தார். ஆனால் அது நீதிமன்றத்துக்கு வரவில்லை. அறைக்குள் வேறு யாரேனும் போனார்களா என்பதைக் காட்டியிருக்கக்கூடிய மிகச் சிறந்த சாட்சியத்தை அரசுத் தரப்பு மறைத்துவிட்டது என்று கருதி, 2015 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அதற்குள் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் சிறையில் கழிந்துவிட்டன. தொமாசோ புரூனோ வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆர்.பானுமதி. அவர் கிருஷ்ணகிரி, அரூர் நீதிமன்றங்களில் வழக்கறிஞராக இருந்தவர் என்பதை இம்மாவட்ட வாசகர்கள் பலர் அறிந்திருக்கலாம்.

ஆகவே கேமரா வேண்டும். நகர்ப்புற உள்ளாட்சிப் பகுதிகளில் பொதுமக்கள் வந்து போகிற கட்டடங்களில் கேமரா பொருத்துவதற்குத் தமிழ்நாடு அரசு 2012-ஆம் ஆண்டிலேயே விதிகளை வகுத்திருக்கிறது. எங்கே பொருத்துவது என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. நுழைவாயில், வரவேற்பறை, வண்டி நிறுத்துமிடம், மாடிப்படி, லிஃப்ட், நடைவழி ஆகிய பொது இடங்களில் பொருத்துவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நடைவழியில் ஓர் அறையின் கதவுக்கு நேரெதிரே கேமரா இருந்தால், கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் கட்டில் வரைக்கும் தெரிகிறது. நடைவழியின் கோடியில், சுவரோரமாக, நீளவாக்கில் பார்க்குமாறு அதே கேமராவை மாட்டினால் யார் எந்த அறைக்குள் போகிறார், வருகிறார் என்பது தெரியுமே தவிர, அறைக்குள் இருப்பது தெரியாது. கட்டட அமைப்பு இடம்கொடாத இடங்களில், கதவு வருகிற பகுதியை மட்டும் கறுப்புக் கட்டமாக மறைத்துவிடும் வசதி இன்று விற்கப்படுகிற பெரும்பாலான கேமராக்களில் உண்டு. மாட்ட வருகிற டெக்னீஷியனிடம் கேட்டால் சில நிமிடங்களில் செய்து கொடுப்பார். யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை.

வரவேற்பறையிலும் இப்படித்தான். பணம் எண்ணுகிற மேசை தெரிய வேண்டும் என்று தலைக்கு மேலே மாட்டுகிற கேமராவில், விருந்தினர் நீட்டுகிற ஆதார் அட்டையும், பதிவேட்டில் எழுதுகிற கைப்பேசி எண்ணும், கார்டு எந்திரத்தில் அழுத்துகிற ரகசிய எண்ணும் சேர்ந்தே பதிவாகின்றன. கேமராவைச் சற்றே திருப்பினால் ஆளின் முகம் தெரியும், எண்கள் தெரியாது. இன்னொன்று, இப்போது வருகிற பல கேமராக்களில் ஒலிவாங்கியும் சேர்ந்தே இருக்கிறது. நடைவழியில் தம்பதியர் பேசிக்கொண்டு போவதைப் பதிவு செய்ய எந்த விடுதிக்கும் தேவையில்லை. அதை அணைத்து வைப்பதே முறை.

அறை, குளியலறை, கழிவறை, உடை மாற்றும் இடம் ஆகியவற்றில் எந்தக் காரணத்துக்காகவும் கேமரா இருக்கக் கூடாது. இதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். விடுதியோடு சேர்ந்த கல்யாண மண்டபத்தின் மணப்பெண் அறையையும், டிராவல்ஸ் ஓட்டுநர்கள் படுக்கிற பொதுக் கூடத்தையும், வேலைக்கு வருகிற பெண்கள் சேலை மாற்றிச் சீருடை உடுத்துகிற சிறு அறையையும்தான் மறந்துவிடுகிறோம். சாமான் வைக்கிற அறை என்று கணக்கில் எழுதிவிட்டு அங்கே ஒரு கேமரா மாட்டப்படுவதை நான் கண்டிருக்கிறேன். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கென்றே வருகிற மக்கள் ஏராளம் என்பதால், குளிக்கிற இடங்களையும் உடை மாற்றும் அறைகளையும் ஒட்டியுள்ள விடுதிகள் தங்கள் மொட்டை மாடிக் கேமராவும் வெளிச்சுவர்க் கேமராவும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதை ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும். மசாஜ் நிலையங்களுக்குள் கேமரா வைப்பது பற்றி நம் உயர் நீதிமன்றத்திலேயே இரு வேறு கருத்துகள் வந்தன. 2021 டிசம்பரில் ஒரு நீதிபதி கேமரா கட்டாயம் என்று உத்தரவிட்டார். 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், அது ஒருவருக்குத் தம் உடல்மீதுள்ள உரிமையைப் பாதிக்கும் என்று தீர்ப்பளித்தார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்துவிட்ட பிறகு, இரண்டாவது கருத்தே சரி என்பது என் எண்ணம்.

இனி பதிவுக்கு வருகிறேன். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 ஜிபி ஆகிறது. எட்டு கேமரா உள்ள ஒரு சிறு விடுதியில் 1 டிபி (ஏறத்தாழ 1,000 ஜிபி) ஹார்ட் டிஸ்க் இருந்தால் ஆறு நாளுக்கு மேல் பதிவு நிற்காது. பழையது அழிந்து புதியது ஏறிவிடும். ஒரு மாதத்துக்கு நிற்க வேண்டுமானால் 6 டிபி வேண்டும். கேமராவின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்கிற விடுதிகள் பலவற்றில் ஹார்ட் டிஸ்க்கின் அளவைக் கேட்டால் பதில் வராது. ஊருக்குத் திரும்பிய பிறகு, பத்து நாள் கழித்துப் புகார் கொடுக்கிற விருந்தினருக்கு அந்தக் கேமராக்களால் ஒரு பயனும் இல்லை. அதே வேளையில், தேவைக்கு மேல் மாதக்கணக்கில் சேர்த்து வைப்பதும் ஆபத்து. முப்பது நாள் என்பது நியாயமான அளவு என்று நினைக்கிறேன். ஏதேனும் புகார் வந்தால் அந்தக் குறிப்பிட்ட நேரத்துப் பதிவை மட்டும் தனியே எடுத்துப் பூட்டி வைக்கலாம்; மற்றவை தாமாகவே அழியட்டும்.

யார் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிற பகுதி. கேமரா மாட்டுகிற டெக்னீஷியன் போகும்போது முதலாளியின் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுக்கிறார். பிறகு மேலாளர் கைப்பேசியிலும், முதலாளியின் மகன் கைப்பேசியிலும், இரவு வேலை பார்க்கிற பையன் கைப்பேசியிலும் அது ஏறிவிடுகிறது. எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். வேலையை விட்டுப் போனவரின் கைப்பேசியில் அது அப்படியே இருக்கிறது. டெக்னீஷியனுக்கோ, அவர் மாட்டிய எல்லா விடுதிகளின் கடவுச்சொல்லும் தெரியும். எங்கள் பகுதியில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் நடந்த குடும்பச் சண்டை ஒன்று, மறுநாளே வாட்ஸ்அப்பில் ஊர் முழுவதும் சுற்றியது. அந்தப் பெண் அழுத காட்சியைப் பார்க்க வேண்டிய அவசியம் எங்கள் ஊரில் ஒருவருக்கும் இருந்ததில்லை. எவர் கைப்பேசியிலிருந்து வெளியே போனது என்று கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஏனென்றால் யார் எப்போது பார்த்தார் என்ற கணக்கே அங்கு இல்லை.

உள்ளிருந்து போவது ஒருபுறம் இருக்க, வெளியிலிருந்தும் களவு போகிறது. 2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள், சிகிச்சைக்கு வந்த பெண்களின் காட்சிகளோடு இணையத்தில் விற்கப்பட்டதை நாளிதழ்களில் படித்தோம். எவரும் ஊகித்துவிடக்கூடிய கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதுதான் திருடர்களுக்கு வழி திறந்தது என்று செய்திகள் கூறின. கேமராவை வாங்கிய அன்று பெட்டியில் அச்சிட்டு வந்த கடவுச்சொல்லே எத்தனை விடுதிகளில் இன்னும் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முதலாளியும் இன்றே பார்க்கலாம். 2025 ஏப்ரல் முதல், பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களையே நாட்டில் விற்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் எந்தச் சான்று பெற்ற கேமராவாக இருந்தாலும், பதிவுப் பெட்டி வரவேற்பு மேசையின் அடியில் திறந்து கிடந்தால் ஒரு பயனும் இல்லை. அதைப் பூட்டிய அறையில் வைக்க வேண்டும். சாவி ஒருவரிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பதிவைத் திறக்கும்போதும் நாள், நேரம், காரணம், பார்த்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அறை பதிவேடு எழுதத் தெரிந்த எங்களுக்கு இந்த நோட்டு எழுதுவது பெரிய காரியமன்று.

பதிவைக் கேட்டு வருகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பதிலும் விடுதிப் பணியாளர்களுக்குத் தெளிவு வேண்டும். காவல் துறையினர் கேட்டால் கட்டாயம் கொடுக்க வேண்டும். மறைப்பது குற்றத்துக்குத் துணைபோவதாகும். ஆனால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவு, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் உத்தரவிட்டுப் பெறுவதற்கு வழி செய்திருக்கிறது. அந்த எழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு கொடுப்பது அவர்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. மின்னணுச் சாட்சியத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டியிருப்பதால், வாய்மொழியாகக் கேட்டு பென் டிரைவில் வாங்கிப் போன பதிவு பின்னாளில் நீதிமன்றத்தில் நிற்பதும் கடினம். காவலர் அல்லாத மற்றவர்கள் வந்து, என் மனைவி வந்தாளா, என் தங்கை யாரோடு வந்தாள் என்று கேட்டால், எவ்வளவு செல்வாக்குள்ளவராக இருந்தாலும், எவ்வளவு கெஞ்சினாலும் காட்டக் கூடாது. திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கோயம்புத்தூரில் மூடப்பட்ட ஒரு விடுதியின் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காதலித்த ஒரே காரணத்துக்காக உயிருக்கு அஞ்சி ஓடி வருகிற பிள்ளைகள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்பதை மாவட்டத்தில் வாழ்கிற எவரும் மறுக்க மாட்டார்கள். ஒரு நிமிடப் பதிவைத் தவறான ஆளுக்குக் காட்டுவதால் என்ன நேரும் என்பதை நினைத்துப் பார்க்கவே நடுக்கமாக இருக்கிறது.

விருந்தினர் எந்த அறையில் இருக்கிறார் என்ற தகவலே எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை அமெரிக்காவில் நடந்த ஒன்று உணர்த்துகிறது. 2008-இல் நாஷ்வில் நகர விடுதி ஒன்றில் எரின் ஆண்ட்ரூஸ் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் தங்கியிருந்தபோது, அவரைத் தொடர்ந்து வந்த ஒருவன் அவருக்கு அடுத்த அறையைக் கேட்டுப் பெற்று, கதவிலிருந்த பார்வைத் துளையைச் சேதப்படுத்தி அதன் வழியே அவரைப் படமெடுத்தான். 2016 மார்ச்சில் நடுவர் குழு 5.5 கோடி டாலர் இழப்பீடு வழங்கியது. அதில் 49 விழுக்காட்டுப் பொறுப்பை விடுதியின் உரிமையாளர், நடத்துநர் தரப்பின்மீது சுமத்தியது. அந்த விடுதி எந்த அறையிலும் கேமரா வைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒளித்து வைக்கப்படும் கேமராக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது குற்றம், அவ்வளவுதான். தென்கொரியாவில் 2019 மார்ச்சில் 10 நகரங்களின் 30 விடுதிகளில், தொலைக்காட்சிப் பெட்டியிலும் சுவரிலிருந்த மின் சாக்கெட்டிலும் ஒளித்த கேமராக்களால் ஏறத்தாழ 1,600 பேர் படமெடுக்கப்பட்டது தெரியவந்தது. அந்தக் கேமராக்களை வைத்தவர்கள் விருந்தினராக வந்து அறை எடுத்துத் தங்கியவர்களே என்பதால், நாங்கள் வைக்கவில்லை என்று விடுதி தப்பித்துக்கொள்ள முடியாது. செக்-அவுட் முடிந்து அறையைச் சுத்தம் செய்கிற பணியாளருக்கு, கட்டிலுக்கு எதிரே புதிதாக ஒரு சார்ஜரோ கடிகாரமோ முளைத்திருக்கிறதா, புகை உணர்த்தியில் துளை தெரிகிறதா, கண்ணாடி இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவு ஆண், பெண் இருவருக்கும் பாதுகாப்புத் தருகிறது. மூன்றாண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பெண்களை அவ்வாறு பார்ப்பதும் படமெடுப்பதும் பரப்புவதும், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் முதல் முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையும், மீண்டும் செய்தால் மூன்று முதல் ஏழாண்டு வரையும் சிறைக்குரிய குற்றம். வீடுகளை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி நிறுவனம், 2024 ஏப்ரல் 30 முதல் கட்டடத்தின் உட்புறத்தில் எங்குமே கேமரா கூடாது என்று உலகம் முழுவதும் தடை செய்துவிட்டது. ஒகேனக்கல், ஓசூர்ப் பகுதிகளில் வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவர்களும் இதைப் பின்பற்றலாம்.

முகம் தெரிகிற பதிவும் ஒருவரின் தனிநபர்த் தரவுதான். 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டுள்ளன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. இருபது அறை விடுதிக்கு அந்தத் தொகை வராது என்றாலும், சட்டம் நமக்கில்லை என்று யாரும் இருந்துவிட முடியாது.

இரு மாவட்ட நிர்வாகங்களையும் காவல் கண்காணிப்பாளர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான். விடுதிகளின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது கேமரா இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்ற வரைபடத்தையும், எத்தனை நாள் பதிவு நிற்கிறது என்ற விவரத்தையும், பதிவுக்குப் பொறுப்பாளர் யார் என்பதையும் கேட்டு வாங்குங்கள். பொது இடங்களில் கேமரா உண்டு, அறைகளில் இல்லை, பதிவு இத்தனை நாள் வைக்கப்படும், குறை இருந்தால் இந்த எண்ணில் சொல்லலாம் என்று தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகையை வரவேற்பறையில் கட்டாயமாக்குங்கள்; எங்களிடம் தங்குகிறவர்கள் இந்த எல்லா மொழிக்காரர்களும்தான். ஆய்வுக்கு வருகிற குழுவில் பெண் காவலர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

செலவைச் சொல்லிச் சிறிய விடுதிக்காரர்கள் தயங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும். கேமராவின் கோணத்தை மாற்றுவதற்கும், ஒலிவாங்கியை அணைப்பதற்கும், கடவுச்சொல்லை மாற்றுவதற்கும், ஒரு நோட்டு போடுவதற்கும் செலவே இல்லை. பணம் தேவைப்படுவது பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றுக்கு மட்டும்தான். விடுதி உரிமையாளர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் அதுவும் குறையும். வருகிற ஆடிப்பெருக்குக் கூட்டத்துக்கு முன்பாக, மாவட்ட ஆட்சியர்கள் விடுதி நிர்வாகிகளையும் கேமரா பொருத்தும் தொழிலில் இருப்பவர்களையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்து இவற்றைப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விடுதி மேலாளர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.